செலாயாங்கில் குளிர்காலம்

கோலாலம்பூரில் கம்பளிச் சட்டை விற்கும் கடையில்
என்னைக் கேட்டார்கள்:
எந்த நாட்டுக்குப் பயணம், அக்கா?
செலாயாங் என்றேன்.
மொத்தச் சந்தைக்குப் பின்னால், மூன்றாம் எண் குளிரறை.
சிரித்தார்கள்.
பத்து வெள்ளி குறைத்தும் கொடுத்தார்கள்.

இரவு பதினொன்றுக்குக் கதவைத் தள்ளினால்
முதுகுப் பக்கம் வியர்க்கும் ஊர்,
லாரிப் புகை, மீன் வாடை, கொத்தமல்லிக் கட்டு.
முகத்துப் பக்கம் ஒரு டிகிரி.
என் மூச்சு வெள்ளையாய் எனக்கு முன்னால் போகிறது.
கூரை வரைக்கும் ஃபூஜி.

மலையின் பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.
பெட்டியிலும் பனித்தொப்பி வைத்த மலையைத்தானே
அச்சடித்திருக்கிறார்கள்.
இல்லையாம். ஜப்பானின் வடக்கே
ஃபுஜிசாகி என்றொரு சிற்றூர், அங்கே ஓர் ஆய்வுத் தோட்டம்.
முப்பத்தொன்பதில் மகரந்தம் தொட்டு வைத்தவர்கள்
பெயர் வைக்கும்போது அறுபத்திரண்டு.
அதுவரை ஏதோ எண்தான்.
எனக்கும் இங்கே எண்தான், நாற்பத்தாறு.
பொற்கொடி என்பது தௌக்கே யாப்பின் வாயில் நுழையவில்லை.

தாய் தகப்பன் இரண்டும் அமெரிக்கா.
ஒன்று,
வரிசை தப்பி முளைத்ததென்று விவசாயி
இருமுறை வெட்டியும் எழுந்து நின்ற மரத்தின் வழி.
மற்றது,
ஊரெல்லாம் அவசரமாய்ப் பூத்து
உறைபனியில் கருகிய பிறகு
சாவகாசமாய் மொட்டுவிடும் சோம்பேறி.
பிடிவாதமும் தாமதமும் கலந்தால்
இவ்வளவு இனிக்குமா?

இனிக்கிறது. புளிப்பு பேருக்குத்தான்.
மினுக்கும் இல்லை:
வெளிறிய மஞ்சளில்
அறை வாங்கிய கன்னம்போல் வரிவரியாய்ச் சிவப்பு.
கடித்தால் பல் ஒரு கணம் தயங்கும், பிறகு நெறுக்கென்று சாறு.
சிலதை அறுத்தால் நடுவில்
கண்ணாடியாய் ஒரு நட்சத்திரம், தித்திப்பு தேங்கிய இடம்.
அழுகல் என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள்.
அதை மட்டும் யாப்
பேசாமல் வீட்டுக்கு எடுத்துப் போவார்.

அக்டோபரில் பறித்தது ஜூனிலும் சுருங்குவதில்லை.
அதற்குத் தூங்குவது வேலை.
எழுப்பாமல் இருப்பது எங்கள் வேலை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஸாவ் லின்
ஒரு விதையைத் துப்பாமல் வைத்துக்கொண்டார்.
பெயிண்ட் டின்னில் முளைத்தது.
பழத்துக்குள் இருந்தபடியே, இதே அறையில்
விதை தன் குளிர்காலத்தை முடித்துவிட்டிருக்கிறது.
வெளியே வந்ததும்
பத்துமலைப் பக்கத்து வெயிலை
வசந்தம் என்று நம்பிவிட்டது.

காய்த்தாலும் இது ஃபூஜி ஆகாது என்றேன்.
விதை தாய் தகப்பன் பேச்சைக் கேட்காது.
உலகத்து ஃபூஜி எல்லாம்
அந்த ஒரே மரத்தின் கிளை,
வெட்டி ஒட்டி, வெட்டி ஒட்டி வந்தது.
பரவாயில்லை என்றார், தன் அரைகுறை மலாயில்.
வேறு எதுவாகத் தோன்றுகிறதோ அதுவாகட்டும்.
பூப்பதற்கே குளிர் வேண்டுமே,
ஐந்நூறு மணி என்கிறார்கள், ஆயிரம் என்கிறார்கள்.
அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மறுவாரம் டின் உள்ளே இருந்தது,
பேரிக்காய்ப் பெட்டிகளுக்குப் பின்னால்.
கதவின் உட்புறம் சாக்பீஸில்
ஐந்து ஐந்தாய்க் கோடுகள்.
முப்பத்தொன்று எண்ணினேன்.
எண்ணுகிற கை நிற்கவில்லை:
நாளுக்கு எட்டு மணி, வாரம் ஆறு நாள்,
பதினோரு வருஷம்.
கணக்குப்படி நான்
எப்போதோ பூத்திருக்க வேண்டும்.

சிரித்துவிட்டேன் போலிருக்கிறது,
வாய்க்கு முன்னால் வெள்ளையாய் ஏதோ கலைந்தது.
யாப் தொலைபேசியில் கத்தினார்:
ரவாங் லாரி வந்தாச்சு, நூற்று நாற்பது பெட்டி.

முதல் பெட்டியைத் தூக்குமுன்
விசிறிக் காற்று நேராய் அடிக்காத மூலைக்கு
டின்னை நகர்த்தினேன்.
இலை நான்கு. ஒன்றின் ஓரம் கருகியிருந்தது.
சாக்பீஸை எடுத்து
அந்த மணிக்கான கோட்டை நான் போட்டேன்.